அரை இஞ்ச், 28 மரை

சான் ஆண்டோனியோ
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகரா,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்று சொன்னவன், சித்திரை பிறந்த பிறகு உட்கார்ந்திருக்கிறேன். கமலாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று நீ அனுப்பிய செய்திக்கு ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டதோடு சரி. அது இத்தனை நாளும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது மாடிப்படி ஏறுகிறாளா? எண்ணெய் தேய்க்கிறேன் என்று யாரையும் கிட்டே விடாதே, டாக்டர் சொன்ன பயிற்சி மட்டும் போதும். இங்கே சுமதி நலம். மாப்பிள்ளை குமார் வேலை மாறிவிட்டான். மீனு ஒன்றாம் வகுப்பு போகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சைலன்சர் கைக்கு வந்துவிட்டது. நீ தெருவையே எழுப்பிக்கொண்டு போவாயே, அந்த புல்லட்டுக்குப் போடுவது இல்லை. துப்பாக்கிக்குப் போடுவது. வெள்ளிக்கிழமை கடையிலிருந்து எடுத்து வந்தேன். கட்டைவிரலை விடக் கொஞ்சம் தடிமன், ஒரு சாண் நீளம்கூட இல்லை.

இதை வாங்க இங்கே அமெரிக்காவில் 1934-இல் போட்ட சட்டம் இன்னும் இருக்கிறது. கைரேகை, போட்டோ, விண்ணப்பம் எல்லாம் கொடுத்து, மத்திய அரசு சரி என்று சொல்லும்வரை சாமான் கடையிலேயே கிடக்கும். அன்றைக்கு வைத்த 200 டாலர் வரி 90 வருஷத்துக்கு மேலாக அப்படியே இருந்தது. இந்த 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். ஊரே அன்றைக்கு விண்ணப்பம் போட்டது, நானும் போட்டேன்.

எதற்கு இந்த வயதில் இதெல்லாம் என்று கேட்பாய். போன வருஷம் ஜமுனாமரத்தூரில் ராத்திரி வெளியே உட்கார்ந்திருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? "சில்வண்டு என்னமா கத்துது பார்" என்றாய். நான் "ஆமா" என்றேன். என் இடது காதில் எதுவுமே விழவில்லை, சேகரா. அதை அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே வந்து காது டாக்டரிடம் காட்டினேன். காது சோதனைப் படத்தில், கீச்சென்ற 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்குப் பக்கத்தில் கோடு கிணறு மாதிரி உள்ளே இறங்குகிறது. வெடிச்சத்தம் கேட்ட காது என்று படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு இடது காதுதான் முதலில் போகுமாம், அதுதான் குழல் முனையைப் பார்த்து இருக்கிறது. என்.சி.சி.யில் பாயில் படுத்துச் சுட்டபோது நம் காதில் பஞ்சாவது வைத்தார்களா? உன் டார்கெட்டில் ஆறு ஓட்டை விழுந்ததைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். நீயும் சோதனை செய்துகொள். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நீ. கமலா ரெண்டாவது தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறாய், நான் பார்த்தேன்.

இதைக் கண்டுபிடித்தவர் கதை தெரியுமா? ஹிராம் பெர்சி மாக்சிம். 1909-இல் காப்புரிமை வாங்கினார். மாக்சிம் மெஷின்கன் செய்தாரே, அவருடைய மகன். அப்பாவுக்கு அந்தச் சத்தத்திலேயே காது போய்விட்டது. டாக்டர் வீட்டிலிருந்து வந்த அன்றைக்குத்தான் இதைப் படித்தேன். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

நான் வாங்கியது .22-க்கு, அதாவது கால் இஞ்சுக்கும் குறைந்த தடிமனில் குண்டு போடும் துப்பாக்கிக்கு. போனில் நீ "சின்னப் பசங்க சமாசாரம்" என்று சிரித்தாய். சிரி. .22 கைத்துப்பாக்கி வெறுமனே சுட்டால் 150 டெசிபலுக்கு மேல். இதை மாட்டினால் 120-க்குப் பக்கத்தில் வந்துவிடும். திடீர்ச் சத்தத்துக்கு 140-தான் எல்லை என்கிறார்கள். 9 எம்.எம்.மில் அவ்வளவு இறங்காது. அதோடு குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் அதுவே காற்றில் சாட்டை சொடுக்கும், அதற்கு எந்தச் சைலன்சரும் ஒன்றும் செய்ய முடியாது. 9 எம்.எம்.முக்கு மெதுவாகப் போகிற, 147 கிரெய்ன் (ஒன்பதரை கிராம்) கனத்த குண்டாகத் தேட வேண்டும். .22 கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் சாதாரணத் தோட்டாவே பெரும்பாலும் ஒலியைத் தாண்டாது. சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று நினைத்துக்கொள்ளாதே, கைதட்டல் மாதிரி கேட்கும். நான் காதுமூடியும் போட்டுக்கொண்டுதான் சுடப்போகிறேன்.

இனி, எந்தத் துப்பாக்கியில் மாட்டுவது? ஒரு மாசமாக வீட்டில் இதே பேச்சு. குமாரிடம் க்ளாக் 19 என்று ஒரு 9 எம்.எம். கைத்துப்பாக்கி இருக்கிறது. அவன் யோசனை க்ளாக் 44: அதே அளவு, அதே பிடி, ஆனால் .22. "ஒரே கைப்பழக்கம் மாமா, உறைகூட மாற்ற வேண்டாம்" என்றான். எனக்கும் சரியென்றே பட்டது. வாங்கக் கிளம்பிவிட்டோம். காரில் போகும்போது, தன் 19-க்கும் மரை போட்ட குழல் ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன், பின்னால் 9 எம்.எம். சைலன்சரும் வாங்கிக்கொள்வேன் என்று சந்தோஷமாகச் சொன்னான்.

என்ன மரை என்று கேட்டேன். அரை இஞ்ச் விட்டம், இஞ்சுக்கு 28 மரை. என் .22 சைலன்சரிலும் அதேதான்.

உங்கள் அப்பா லேத்துப் பட்டறையில் நம் இரண்டு பேரையும் நிற்கவைத்துத் திட்டியது அப்படியே காதில் விழுந்தது. "மரை ஏறிடுச்சுங்கறதுக்காக அது சரியான நட்டுன்னு ஆயிடுமாடா?" என்பாரே. யோசித்துப் பார். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு க்ளாக், ஒரே அலமாரியில். சாயங்காலம் வெளிச்சம் மங்குகிற நேரம், பேச்சு சுவாரசியத்தில் ஒருவன் .22 சைலன்சரை 9 எம்.எம்.மில் மாட்டுகிறான். வழவழவென்று ஏறிவிடும். உள்ளே துளை ஆறு மில்லிமீட்டர் சொச்சம். வருகிற குண்டு ஒன்பது. உள்தகடுகளை உடைத்துக்கொண்டு அந்தக் குழாய் கைக்குப் பக்கத்தில் வெடிக்கும். பின்னால் மீனு நின்றுகொண்டிருப்பாள்.

வண்டியைத் திருப்பச் சொன்னேன். அன்றைக்கு முழுக்க அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. மறுநாள் உட்காரவைத்து இரண்டு தோட்டாவையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். பார்த்துவிட்டு ஆர்டரை அவனே ரத்து செய்தான். நல்ல பையன்.

நேற்று ரூகர் மார்க் 4 என்ற .22 கைத்துப்பாக்கி வாங்கினோம். 22/45 லைட் என்று ஒரு வகை. இருட்டில் தொட்டாலே க்ளாக் இல்லை என்று தெரியும், எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் கூடுதல் லாபம். பட்டாளத்தில் நீ சுட்ட ஈஷாபூர் 9 எம்.எம். கைத்துப்பாக்கி நினைவிருக்கிறதா? சுடும்போது குழலும் ஸ்லைடோடு (மேலே நகரும் உறைப் பகுதியோடு) கொஞ்சம் பின்னால் போய், பின்பக்கம் தாழும். அந்த மாதிரித் துப்பாக்கியின் முனையில் எடையைத் தொங்கவிட்டால் திணறும். அதனால் ஸ்பிரிங் வைத்த ஒரு பிஸ்டன் நடுவில் வேண்டும். ரூகரில் குழல் அசையவே அசையாது, உள்ளே போல்ட் மட்டும் போய்வரும். நேரே திருகவேண்டியதுதான். சைலன்சர் ஒல்லி என்பதால் குறிமுள்ளும் மறையவில்லை. பின்பக்கம் ஒரு பொத்தானை அழுத்தினால் மடக்கித் திறந்து துடைக்கலாம். பழைய மார்க் மாடல்களைக் கழற்றி மாட்டுவதற்குள் பொழுது போய்விடும். .22-இல் ஈயக்கறை நிறையப் படியும், சைலன்சரையும் அடிக்கடி பிரித்துச் சுரண்ட வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும், உனக்குத் தெரியும்.

இன்று காலை முதல் பத்து தோட்டா. முதலாவது மட்டும் கொஞ்சம் சத்தமாக வந்தது. உள்ளே இருக்கிற காற்றால் அப்படி ஆகும். அடுத்தடுத்தது குண்டு தகரத்தில் படுகிற 'டிங்' தனியாகக் கேட்டது. முன்னெல்லாம் சுட்ட சத்தத்தில் அது மூழ்கிப்போகும். குமார் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

டிசம்பரில் வருகிறோம். ஜமுனாமரத்தூரில் அறை சொல்லி வை. இந்தத் தடவை என் வலது பக்கம் உட்கார்.

உன்,
ராமு