உன் 84-ஆவது பார்

குன்னூர்,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

ஆர்கெஸ்ட்ராவுக்காக நீ எழுதிய இசைக்குறிப்பும் அதைக் கணினியில் ஒலிக்கவிட்ட பதிவும் வியாழக்கிழமையே கிடைத்துவிட்டன. இங்கே ஐப்பசி மழை விடவில்லை. மலையடிவாரக் கல்லாறுக்கு மேலே மண் சரிந்து மலை ரயிலை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மூன்று நாளாக உன் இசையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் பதில் தாமதம்.

கீ, அதாவது ஆதார சுருதி, மாறும் இடம் மட்டும் ஒட்டவில்லை, காரணம் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். ஒட்டவில்லைதான் கண்ணு. அதுவரை என் நெஞ்சை அள்ளிக்கொண்டு போன மெட்டு, அந்த 84-ஆவது பாரில், அந்தத் தாளக்கட்டத்தில், என்னைக் கீழே வைத்துவிட்டுத் தான் மட்டும் போய்விட்டது.

22 ஆண்டு இங்கே பக்கத்து வெலிங்டனில் ராணுவ பாண்டில் கிளாரினெட் வாசித்தவன் முதலில் எந்த வரியைப் பார்ப்பான் என்று உனக்குத் தெரியும். ஏ கிளாரினெட்டுக்கு எழுதியிருக்கிறாய். உன் மெட்டு இருக்கும் டி மேஜருக்கு, அதாவது டியைச் சட்ஜமாக வைக்கும் நம் இரண்டு கட்டைக்கு, அது நல்ல முடிவு. வாசிப்பவர் கண்ணில் ஸ்வரத்தை அரைப்படி இறக்கும் ஃபிளாட் குறி ஒன்றே ஒன்றுதான் படும். ஆனால் 84-இல் ஈ ஃபிளாட் மேஜருக்குத் தாவியதும் அதே ஆளின் முன்னால் ஆறு ஃபிளாட் வந்து விழுகின்றன. உச்சத்தில் மனம் விட்டு ஊத வேண்டியவர் விரலைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

வயலின்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு. விரல் வைக்காமலே ஒலிக்கும் ஜி, டி, ஏ, ஈ என்ற நான்கு திறந்த தந்திகளும் டி மேஜருக்குள் இருக்கின்றன. ஒரு தந்தியில் டி வாசித்தால் அடுத்த டி தந்தி தானாகவே ஒத்து அதிரும். அந்தப் பிரகாசம் கைவிரலால் வருவதில்லை, மரத்திலிருந்து வருகிறது. ஈ ஃபிளாட்டுக்குப் போனதும் ஏ தந்தியும் ஈ தந்தியும் அந்த ஸ்வர வரிசைக்கு வெளியே போய்விடுகின்றன. அரைக் கட்டை ஏற்றினாய், விளக்கைத் தணித்தும்விட்டாய். கணினியில் ஒலிக்கும் வயலினுக்கு மரமும் இல்லை, தந்தியும் இல்லை. அதனால் உன் ஒலிப்பதிவில் இது காதில் விழாது. மேடையில் விழும்.

ஆனால் ஒட்டாததற்கு வேர் அங்கே இல்லை. அதைக் கண்டுபிடித்தது உன் அம்மா. வெள்ளிக்கிழமை அடுப்படியில் நின்றபடியே முழுவதும் கேட்டாள். முடிந்ததும் ஒன்றுதான் கேட்டாள்: “இரண்டு கட்டையிலிருந்து இரண்டரைக்குப் போகிறாளே, அந்த நேரத்தில் தம்புரா யார் கையில் இருக்கிறது?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. இரவு படுத்த பிறகுதான் புரிந்தது. அவள் மோகனம் பாடும்போது ரிஷபத்தைச் சட்ஜமாக வைத்து நான்கு சுற்று மத்தியமாவதி காட்டிவிட்டுத் திரும்புவாளே, நினைவிருக்கிறதா? இப்படி ராகம் மாற்றிக் காட்டும் கிரகபேதத்தில் ஆதாரம் பெயர்வதுபோல் தோன்றும், தம்புரா பெயர்வதில்லை. கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருக்கிறது. உன் 83-ஆவது பாரில் சிம்பல் என்ற பெரிய பித்தளைத் தட்டு மோதுகிறது, அடுத்த பாரில் எழுபது பேரும் ஒன்றாகத் தரையை விட்டுக் கிளம்புகிறார்கள். பிடித்துக்கொள்ள யாரும் ஒரு ஸ்வரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

ஷூபர்ட் 1822-இல் எழுதி முடிக்காமல் விட்ட பி மைனர் சிம்பொனியின் முதல் பகுதியை மறுபடி கேள். முழு ஆர்கெஸ்ட்ராவும் பி மைனரில் வெட்டி நிற்கிறது. பஸூனும் ஹார்னும் மட்டும் டி என்ற ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த டி இரண்டு ஊருக்கும் சொந்தம்; பி மைனரிலும் இருக்கிறது, ஜி மேஜரிலும் இருக்கிறது. சில பார்கள்தான். அதற்குள் நாம் ஜி மேஜருக்கு வந்துவிட்டோம், செல்லோ பாடத் தொடங்கிவிட்டது. அதன் அடியில் கிளாரினெட்டும் வயோலாவும் தாளம் தள்ளி அசைகின்றன. இந்த இடத்தை எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கண் கலங்கும்.

ராவெல் திடீரென்று தாவவில்லையா என்று நீ கேட்பாய். 1928-இன் ‘பொலேரோ’வைச் சொல்வாய். ஆமாம், பாலமே போடாமல் சி மேஜரிலிருந்து ஈ மேஜருக்குத் தாவுகிறார். ஆனால் அதற்கு முன்னால் ஏறக்குறைய கால் மணி நேரம் நம்மை ஒரே சி மேஜரில் நிறுத்திவைத்திருக்கிறார். அந்தத் தவம் அந்தத் தாவலுக்கு விலை. நீயோ முதல் நாற்பது பாருக்குள்ளேயே ஜி மேஜருக்கும் பி மைனருக்கும் போய்வந்துவிட்டாய். பயணம் பழகிய காதுக்கு இன்னொரு தாவல் அதிர்ச்சி தராது.

ஆகவே நான் சொல்வது இது. ஈ ஃபிளாட்டை விட்டுவிடு, பி ஃபிளாட் மேஜருக்குப் போ. சிம்பலை எடுத்துவிடு. 83-இல் எல்லோரையும் நிறுத்து. இரண்டாவது ஹார்ன் மட்டும் டி பிடிக்கட்டும். இதுவரை சட்ஜமாக இருந்த அந்த டி, பி ஃபிளாட்டில் மூன்றாவது ஸ்வரமான அந்தர காந்தாரமாகிவிடும். ஸ்வரம் நகரவில்லை, அதன் முகம் மட்டும் மாறுகிறது. மெட்டு கீழே இறங்குகிறதே என்று பயப்படாதே. டிரம்பெட்டும் டிராம்போனும் பி ஃபிளாட்டில் எப்படித் திறந்து முழங்கும் என்று சின்ன வயதிலேயே அணிவகுப்பு மைதானத்தில் கேட்டிருக்கிறாய். உச்சத்தை அவர்களிடம் கொடு. ஜி, டி, ஏ தந்திகளும் வயலினுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

ஆறு பாராவது விடு. டிம்பனி முரசுக்காரர் சுருதி மாற்ற வேண்டும். கிளாரினெட்காரர் ஏ-யை வைத்துவிட்டு பி ஃபிளாட் கிளாரினெட்டை எடுக்க வேண்டும். எடுத்த வாத்தியம் குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கியே பேசும். ஜனவரிக் காலைகளில் நான் வாத்தியத்தைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடப்பேன். சத்தம் வராமல் உள்ளே மூச்சை ஊதி ஊதிச் சூடாக்குவேன். உன் ஊரில் குளிர் இன்னும் அதிகம். அவருக்கு அந்த மூச்சுக்கு நேரம் கொடு.

நேற்று இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தபோது கல்லாறு நினைவுக்கு வந்தது. உனக்கு ஆறு வயது. மேட்டுப்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்தோம். சமவெளியில் சாதாரணமாக ஓடிவந்த வண்டி கல்லாறு தாண்டியதும் நடை வேகத்துக்குக் குறைந்தது. அங்கேதான் பல்சக்கரம் பல் தண்டவாளத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் 12 அடிக்கு ஏறக்குறைய 1 அடி ஏற்றம். நீ ஜன்னலை விட்டு என்னிடம் திரும்பி, “வண்டி யோசிக்கிறதா அப்பா?” என்று கேட்டாய். அடியில் ஒரு அதிர்வு, பிறகு சீரான கடகட சத்தம். பின்னாலிருந்து எஞ்சின் தள்ள, பாக்கு மரங்கள் மெல்லக் கீழே போயின. குன்னூர் வரை நீ வாயே திறக்கவில்லை.

முடிவு இன்னும் எனக்குத் தெளியவில்லை. கடைசி எட்டு பாருக்கு டி மேஜருக்கே திரும்பினால் நான்கு தந்திகளும் ஒன்றாக முழங்கும். என் மனம் அங்கேதான் போகிறது. ஆனால் அது உன் இசை. திரும்ப வேண்டாம் என்று உன் காது சொன்னால் திரும்பாதே.

பி ஃபிளாட் கிளாரினெட் வரியைக் கையால் எழுதிப் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். 83-லிருந்து 90 வரை மட்டும் ஹார்னோடு சேர்த்து முதலில் பதிவு செய்து அனுப்பு. அம்மா ஊட்டி வர்க்கி இரண்டு கிலோ கட்டி வைத்திருக்கிறாள். மழை விட்டதும் அஞ்சலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா