ஆவிக் கதைகளில் அடுப்பை அணைத்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் அமானுஷ்யக் கதைச் சிறப்பிதழை முழுவதும் படித்தேன். அதில் இடம்பெற்ற கட்டுரையொன்று, பேய்க் கதைக்குள் சமையலையும் சாப்பாட்டையும் கொண்டுவந்தால் அச்சத்தின் வேகம் குறைந்துவிடும் என்றும், புதிதாக எழுத வருபவர்கள் அவற்றைத் தவிர்ப்பது நல்லது என்றும் கூறுகிறது. நாற்பது ஆண்டுகளாக இவ்வகைக் கதைகளைத் தேடிப் படித்து வருபவன் என்ற முறையில் இக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இறந்தவர் யார், உயிரோடு இருப்பவர் யார் என்று பிரித்துக் காட்டுவதற்கு இம்மரபு தொடக்கம் முதலே நம்பியிருப்பது உணவைத்தான்.

1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலையே எடுத்துக்கொள்வோம். பயணத்தின்போது தான் உண்ட மிளகாய்த்தூள் சேர்த்த கோழிக் கறி சுவையாக இருந்ததால், அதன் செய்முறையை தான் மணக்கவிருக்கும் மினாவுக்காகக் கேட்டு வாங்க வேண்டும் என்று, டிராகுலா பிரபுவின் கோட்டைக்குப் போகும் ஜோனதன் ஹார்க்கர் தன் நாட்குறிப்பில் எழுதி வைக்கிறான். கோட்டைக்கு வந்து சேர்ந்த இரவில் அவனுக்கு வறுத்த கோழியும் பாலாடைக்கட்டியும் பழைய மதுவும் காத்திருக்கின்றன. பிரபுவோ தாம் ஏற்கெனவே உண்டுவிட்டதாகச் சொல்லி விலகிக்கொள்கிறார். அவர் உண்பதையோ பருகுவதையோ தான் இதுவரை பார்த்ததில்லை என்ற வியப்பு சில நாட்களில் அதே நாட்குறிப்பில் பதிவாகிறது. பிறகு, கதவிடுக்கின் வழியே பார்க்கும்போது, பிரபுவே தன் கையால் உணவு மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார். அந்தப் பெரிய கோட்டையில் வேலையாட்கள் ஒருவர்கூட இல்லை என்பது அப்போதுதான் ஹார்க்கருக்கு உறுதியாகிறது. ஓநாய்களின் ஊளையைவிட என்னை நடுங்க வைத்தது அந்த மேசைதான். முதலில் அந்தக் கோழிக் கறியை எழுதியிருக்காவிட்டால் பின்னால் வரும் அந்த வெறுமை நம் மனத்தில் இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்காது.

உண்ணாமையால் ஒருவரை அடையாளம் காட்டும் இந்த உத்திக்கு நேர்மாறாக, உண்டதனாலேயே ஒருவர் மறுபக்கத்துக்கு உரியவராகிவிடும் கதைகளும் உண்டு. 712ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஜப்பானின் தொன்மக் கதை நூலான 'கொஜிகி'யில், இறந்த மனைவி இசானாமியைத் தேடி இசானாகி என்னும் தெய்வம் இருளுலகுக்குப் போகிறான். அவளோ, அவ்வுலகின் அடுப்பில் சமைத்ததைத் தான் உண்டுவிட்டதாகவும், அவன் வந்து சேரத் தாமதமாகிவிட்டதாகவும் சொல்லி வருந்துகிறாள். கிரேக்கப் புராணத்தில் ஒரு மாதுளை விதையை விழுங்கியதனாலேயே பெர்சிபொனி என்னும் தேவதை ஆண்டின் ஒரு பகுதியைப் பாதாளத்தில் கழிக்க நேர்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நிலங்களின் கதைகள் இப்படி ஒரே இடத்தில் வந்து நிற்பதை நான் தற்செயல் என்று கருதவில்லை.

ஹோமரின் கிரேக்கக் காவியமான 'ஒடிசி'யில் பதினோராம் பகுதி இன்னும் நுட்பமானது. இறந்தவர்களைச் சந்திக்க வந்த நாயகன் ஒடிசியஸ் குழி வெட்டி, தேனும் பாலும் மதுவும் நீரும் ஊற்றி, ஆட்டின் குருதியை அதில் பாய்ச்சுகிறான். இறந்தவர்களின் நிழல்கள் கூட்டமாக நெருங்குகின்றன. அவற்றுள் அவனுடைய தாயும் இருக்கிறாள்; ஆனால் அந்தக் குருதியைப் பருகும்வரை எதிரே நிற்பவன் தன் மகன் என்பது அவளுக்குத் தெரிவதில்லை. நினைவு திரும்புவதற்கே ஒரு மிடறு தேவைப்படுகிறது! என் தாயார் மறைந்து பல வாரங்கள் கழிந்த பிறகும், பழக்கத்தின் காரணமாக அவருக்கும் சேர்த்து ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டு, அதைத் திரும்ப எடுக்க மனமின்றி நான் நின்றதுண்டு. ஹோமரின் அப்பகுதியை அதற்குப் பிறகு படித்தபோதுதான் அது எனக்கு முழுமையாக விளங்கிற்று.

நகைச்சுவைக்கும் இது பொருந்தும் என்பதைச் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கீதம்' (1843) காட்டுகிறது. சளி பிடித்துக் கஞ்சி குடிக்க அமர்ந்த கஞ்சன் ஸ்க்ரூஜ், தன்முன் தோன்றிய, இறந்துபோன தொழில் கூட்டாளி மார்லியின் ஆவியைச் செரிக்காத இறைச்சித் துண்டாகவோ வேகாத உருளைக்கிழங்காகவோதான் இருக்கும் என்று தள்ளிவிடப் பார்க்கிறான்.

இத்தனையும் சொன்ன பிறகு, நம் மொழியில் இருப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியின் பேய்கள் முதலில் பசித்தவை, பிறகுதான் பயங்கரமானவை. அவை காளியிடம் முறையிடுவதே தங்கள் பசியைப் பற்றித்தான். இந்திரசாலப் பகுதியில் முதுபேய் ஒன்று மாயத்தால் ஒரு போர்க்களத்தையே காட்ட, மற்றப் பேய்கள் அதை மெய்யென்று நம்பி உண்ணப் பாய்ந்து ஏமாறுகின்றன. மனிதரை மாயத்தால் மருட்டும் பேயைப் பல கதைகளில் பார்த்திருக்கிறோம். இல்லாத உணவைக் கண்டு தானே மருண்டு நிற்கும் பேயை வேறெங்கும் நான் படித்ததில்லை. இறுதியில் களத்திலேயே கூழ் சமைக்கப்படுகிறது. போர்முரசு உரலாகவும், யானைத் தந்தம் உலக்கையாகவும், மாண்டவர்களின் பற்களே அரிசியாகவும் ஆகின்றன. கூழ் வார்க்கும்போது, திருட்டுப் பேய் ஒளித்து வைத்த கலத்தைத் தடவித் தேடிக் கிடைக்காமல் அரற்றும் குருட்டுப் பேய் ஒன்று வருகிறது; அதற்குக் கையிலேயே ஊற்றுங்கள் என்கிறார் கவிஞர். அருவருப்பும் இரக்கமும் ஒரே வரியில் கூடும் இடம் அது. கூழை எடுத்துவிட்டால் அந்தக் குருட்டுப் பேயின் மேல் நமக்கு இரக்கம் பிறக்க வழியே இல்லை.

சிறப்பிதழில் வெளிவந்த கதைகளில் கதவுகள் தாமாகத் திறக்கின்றன, விளக்குகள் அணைகின்றன, அலறல்கள் கேட்கின்றன. ஒருவரும் எதையும் உண்ணவில்லை. உண்ணாத மனிதர்களை உயிருள்ளவர்களாக நம்ப முடியாதபோது, அவர்கள் உயிருக்கு அஞ்சி ஓடுவதையும் என்னால் நம்ப முடியவில்லை. எழுதியவர்களின் திறமையில் எனக்குக் குறை இல்லை. கட்டுரையின் அறிவுரையை அவர்கள் பின்பற்றிவிடக் கூடாதே என்ற கவலைதான் இக்கடிதத்தை எழுத வைத்தது.

தாங்கள் அடுத்த சிறப்பிதழைத் திட்டமிடும்போது, பரணியின் இந்திரசாலப் பகுதியையும் கூழ் வார்க்கும் பாடல்களையும் எளிய உரையுடன் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதம் பிரித்து அச்சிட்டால் இளம் வாசகர்களுக்கும் அவை எட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்