மாலைப் பேருந்து வராது என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்துக்குப் பேருந்து விடும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

கால்வே நகரில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன், கார் கிடையாது. மே மாதக் கடைசி ஞாயிறு கிளேரில் உள்ள பாலிவான் கிராமத்தில் என்ன நடந்தது என்று அன்றிரவே உங்களுக்குப் புகார் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை, அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

அதுவரை அருமையான நாள். காலைப் பேருந்தில் வந்து இறங்கி, புல்னப்ரோன் கல்திட்டையைப் பார்க்க நடக்க ஆரம்பித்தேன். நடைபாதையே இல்லாத சாலை. பாதி வழியில் ஒரு விவசாயி தானாகவே வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். மற்ற ஊர்களில் கோடையில் மாட்டை மலைக்கு ஓட்டுவார்கள், பர்ரன் என்கிற இந்தப் பாறைப் பகுதியில் குளிர்காலத்தில்தான் ஓட்டுவார்களாம், சுண்ணாம்புப் பாறை கோடை வெயிலின் சூட்டைப் பிடித்து வைத்திருக்குமாம். மாடு புல்லை மேய்ந்துவிடுவதால்தான் வசந்தத்தில் பூக்களுக்கு இடம் கிடைக்கிறது என்றார். பாறை இடுக்கில் விரல்நுனி அளவு நீலப் பூ ஒன்றையும் காட்டினார், ஜென்ஷியன். 5000 ஆண்டுகளுக்கு மேல் நிற்கும் அந்தக் கல்திட்டைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஊருக்குத் திரும்பி டீ, பேச்சு. யாருக்கும் அவசரமில்லை.

மாலை நிறுத்தத்தில் எனக்கு முன்பே ஒரு பாட்டி நின்றிருந்தார். எண்பது வயதிருக்கும். மறுநாள் காலை கால்வே மருத்துவமனையில் கண் பரிசோதனை, இரவு மகள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மருத்துவமனைக் கடிதத்தை ஒரு ரொட்டிப் பையில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்திருந்தார். மழை பிடித்ததும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே கைவிட்டு அது நனையவில்லையே என்று தடவிப் பார்த்துக்கொண்டார். ஒதுங்கக் கூரை இல்லை. என் போனில் உங்கள் செயலி "வருகிறது" என்று காட்டியது, பிறகு அந்த வரியே காணாமல் போனது. பேருந்து வரவில்லை. பாட்டியிடம் இருந்ததோ பட்டன் போன், அவருக்கு அந்த அளவுகூடத் தெரிய வழியில்லை. "கிராண்ட், கிராண்ட்" (பரவாயில்லை என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு) என்று என்னைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்றரை மணி நேரம். கடைசியில் எதிரே கடை வைத்திருப்பவர் கடையைப் பூட்டிவிட்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டி எங்களைக் கால்வேயில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். பெட்ரோலுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் மனசு பெரியது. ஆனால் பேருந்து விடுவது உங்கள் பொறுப்பு, அவருடையது இல்லை.

காரை விட்டுப் பேருந்தில் வாருங்கள் என்று ஊரெங்கும் சொல்கிறீர்கள். சரி, வந்தோம். கண் மங்கியதால் காரை விட்டவர் அந்தப் பாட்டி, அவருக்கு வேறு வழியே கிடையாது. கிராமத்துச் சாலைகளில் 2025இல் வேக வரம்பை 80இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள், நல்லதுதான், ஆனால் நடக்க ஓரமும் மழைக்கு ஒதுங்கக் கூரையும் எப்போது வரும்? அதெல்லாம் உங்கள் ஒருவர் கையில் இல்லை என்பது புரிகிறது.

நான் கேட்பது உங்கள் கையில் இருப்பது. மாலைப் பேருந்து அட்டவணையில் இருந்தால் வர வேண்டும். ஓட்டுநர் இல்லை, வண்டி பழுது, எதுவானாலும் வராது என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். செயலியில் மட்டும் போதாது, நிறுத்தத்தில் ஒரு பலகை வையுங்கள், இல்லையென்றால் எதிர்க் கடைக்கு ஒரு போன் செய்யுங்கள். தயவுசெய்து இதைக் கோடை முடிவதற்குள் செய்து கொடுங்கள். பாட்டிக்கு ஆகஸ்டில் மறுபடி பரிசோதனை இருக்கிறது.

இப்படிக்கு,
கால்வேயிலிருந்து ஒரு பயணி