வடிகான் பணத்தை வட்டாரத்துக்குச் சமமாகப் பிரிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடுத்த ஆண்டுக்கான பாதீட்டு வேலைகள் உள்ளூராட்சி சபைகளில் தொடங்கும் காலம் இது. மட்டக்களப்பு மாவட்டப் பிரதேச சபை ஒன்றின் உறுப்பினர் என்ற வகையில் ஒரு விடயத்தை வாசகர்கள் முன் வைக்கிறேன். மூலதன ஒதுக்கீட்டை எல்லா வட்டாரங்களுக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கத்தை, குறைந்தபட்சம் வடிகான் வேலைகளிலாவது நாம் கைவிட வேண்டும். சக உறுப்பினர்கள் பலருக்கு இது பிடிக்காது. வட்டாரத்தில் காட்டுவதற்கு ஒரு வேலையும் இல்லாவிட்டால் மக்கள் முன் போய் நிற்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு மாரியிலும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் குடும்பங்களுக்கு அந்தச் சமபங்கால் ஒரு பயனும் இல்லை.

சமமாகப் பிரித்தால் ஒரு வட்டாரத்துக்குக் கிடைப்பது சிறு துண்டுக் கானுக்குரிய பணம்தான். அது உறுப்பினர் காட்டும் ஒழுங்கையில் கட்டப்படுகிறது. தண்ணீர் அங்கிருந்து எங்கே போகும் என்ற கேள்வி அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகிறது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை நிலம் தட்டையானது; பல குடியிருப்புகள் வாவி மட்டத்தை விட ஓரிரு மீற்றரே உயரம். 500 மீற்றருக்கு 1 மீற்றர் என்ற மிகக் குறைந்த சரிவை வைத்தாலும், 300 மீற்றர் நீளமான கானின் கீழ் முனை மேல் முனையை விட 60 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். மேல் துண்டை முதலில் கட்டிவிட்டால், பிறகு வாவிப் பக்கம் நீட்டும்போது அந்த 60 சென்ரிமீற்றர் கிடைப்பதில்லை. இடையில் உள்ள மதகின் அடித்தளம் புதிய கானை விட உயரமாக இருக்கும். கானுக்குள் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். ஆகவே வேலை வாவி முனையில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். முதல் செலவு கொங்கிறீற்று அல்ல, நிலத்தின் மேடு பள்ளத்தை அளக்கும் மட்ட அளவை. அதையும் கோடையில் மட்டும் எடுத்தால் போதாது. வாவி நீர் கடலுக்குள் வடிய முகத்துவாரம் வெட்டப்படுவதற்கு முன் வாவி எந்த மட்டம் வரை ஏறுகிறது என்பதை மாரியில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மட்டத்துக்குக் கீழே கானின் வாய் இருந்தால் தண்ணீர் ஊருக்குள்ளேயே திரும்பி ஏறும். தண்ணீரை வெளியே மட்டும் விடும் ஒருவழிக் கதவு போடலாம். ஆனால் ஆற்றுவாழை என்ற மிதக்கும் நீர்க்களை அடைத்துக்கொண்டால் அது மூடாது, மாரி முழுவதும் ஆள் வைத்துத் துப்புரவு செய்ய வேண்டும். பிரதான வீதியைக் கடக்கும் இடங்களில் மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. அவர்களது அனுமதியை வேலை தொடங்கும் வாரத்தில் போய்க் கேட்டுப் பயனில்லை.

அடுத்தது பராமரிப்பு. புதிய கானுக்குத் திறப்பு விழா உண்டு, பழைய கானின் மண்ணை அள்ளுவதற்கு இல்லை. அதனால் ஆண்டுதோறும் வரும் மீண்டெழும் செலவில் முதலில் வெட்டப்படுவது அந்த ஒதுக்கீடுதான். 60 சென்ரிமீற்றர் அகலமும் அதே ஆழமும் உள்ள கானில் 15 சென்ரிமீற்றர் மண் படிந்தால் கொள்ளளவில் கால்வாசி போய்விடும். 100 மீற்றர் நீளத்துக்கு அந்த மண் 9 கனமீற்றர், அதாவது மூன்று கியூப்புக்கு (ஒரு கியூப் 100 கன அடி) சற்று மேல். மதிப்பீட்டில் பெக்கோ இயந்திரத்தின் வாடகையும் கூலியும் இருக்கும்; மண்ணை ஏற்றிக் கொண்டுபோகும் செலவு பெரும்பாலும் இருக்காது. அள்ளிய மண்ணைக் கரையிலேயே விட்டால் முதல் மழைக்கே திரும்பக் கானுக்குள் வந்துவிடும். செலவழித்த பணம் அத்தோடு போயிற்று. கானின் மேல் போடும் கொங்கிறீற்று மூடுபலகைகளை ஒரேயடியாகச் சீமெந்து பூசி மூடுவதும் இதே போன்ற தவறு. இரண்டு பேர் தூக்கக்கூடிய பலகைகளை இடையிடையே வைக்காவிட்டால் பிறகு உடைத்துத்தான் துப்புரவு செய்ய வேண்டியிருக்கும்.

காலம் தவறுவதும் பெரிய காரணம். நமது நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. நமது மழையோ ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி, பெப்ரவரி வரை நீள்கிறது. 2011 ஜனவரி வெள்ளமும் 2024 நவம்பர் வெள்ளமும் ஆண்டின் இரு முனைகளில்தான் வந்தன. நவம்பரில் ஒதுக்கீடு தீர்ந்திருக்கும். ஜனவரியில் புதிய ஒதுக்கீடு இன்னும் கைக்கு வந்திராது. டிசம்பரில் பாதீடு நிறைவேறி, அதற்குப் பின் மதிப்பீடு தயாரித்து, விலைமனு கோரி, ஒப்பந்தம் எழுதும்போது ஓகஸ்ட் ஆகிவிடுகிறது. தோண்டிய குழிக்குள் மழை விழுகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் நவம்பருக்குள் மதிப்பீட்டை முடித்தால் ஜனவரியிலேயே விலைமனு கோரலாம். கொங்கிறீற்று வேலை மே முதல் ஓகஸ்ட் வரை. மண் அள்ளும் வேலை செப்டெம்பர் கடைசிக்குள். டிசம்பர், ஜனவரி அவசர வேலைக்கு இயந்திர வாடகையும் எரிபொருளும் தனி ஒதுக்கீடாக.

பணம் எங்கே என்று கேட்பார்கள். பல பாதீடுகளில் வருமானப் பக்கம் நம்பத்தக்கதாக இல்லை. பல ஆண்டு ஆதன வரி நிலுவை முழுவதும் இந்த ஆண்டே வசூலாகும் என்று எழுதினால் கணக்கு சமனாகும். பெட்டிக்குள் பணம் வராது. பிறகு பராமரிப்பைத்தான் வெட்டுவார்கள். கடந்த ஆண்டு உண்மையில் வசூலான தொகையை அடிப்படையாக வைத்தே எழுத வேண்டும். ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டு வரியையும் செலுத்துவோருக்கு 10 வீதக் கழிவு உண்டு என்பதை டிசம்பரிலேயே வீடு வீடாக அறிவித்தால் ஆண்டுத் தொடக்கத்திலேயே கைக்குப் பணம் வரும்.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பின், 2025 மே 6 தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே பாதீடுகள் போயின. இப்போது கேட்க ஆள் உண்டு, கேளுங்கள். நிறைவேற்றுவதற்கு முன் பாதீட்டு வரைவு ஏழு நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். போய்ப் பார்க்கும்போது மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். வடிகான் பராமரிப்புக்குக் கடந்த ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, எந்த மாதத்தில் செலவானது என்று பாருங்கள். அந்த விவரம் வரைவில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர் அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
பிரதேச சபை உறுப்பினர் ஒருவர்,
மட்டக்களப்பு மாவட்டம்.