பாதி செத்த மரங்கள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. தாமதத்துக்குத் திட்டாதே, ஊரில் இல்லை. முழங்கால் மக்கர் செய்கிறது, ஊன்றுகோல் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த மறுவாரமே, என் கால் நன்றாக இருக்கும்போதே போய்விடுவோம் என்று மகனுடன் கிளம்பிவிட்டேன். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பக்கத்து மாநிலமான யூட்டாவின் எல்லையை ஒட்டி இருக்கும் கிரேட் பேசின் தேசியப் பூங்காவுக்கு.

வழியெல்லாம் பாலை. டேங்க் முக்கால்வாசி இருந்தாலும் பங்க்கைக் கண்டால் நிரப்பிக்கொள்ள வேண்டும், அடுத்தது எங்கே என்று தெரியாது. அங்கே பெய்கிற மழையும் உருகுகிற பனியும் கடலைப் பார்ப்பதே இல்லை. ஓடைகள் கொஞ்ச தூரம் ஓடி, மண்ணில் இறங்கியோ ஆவியாகியோ காணாமல் போய்விடுகின்றன. கீழே சாம்பல் நிற சேஜ் புதர்தான். ஓர் இலையைத் தேய்த்துப் பார்த்தேன், கற்பூரம் மாதிரி வாசனை, சாயங்காலம் வரை விரலிலேயே இருந்தது.

அங்கிருந்து 19 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஏறினால் 3,000 மீட்டர் உயரம். கீழே வியர்வை, மேலே ஸ்வெட்டர். அப்புறம் நடை. போக வர நாலரை கிலோமீட்டர்தான், ஆனால் மூச்சு வாங்குகிறது. மகன் போட்டோ எடுக்கிற சாக்கில் அடிக்கடி நின்றான். எனக்காகத்தான் நிற்கிறான் என்று தெரியாதவன் போல நானும் நின்றேன்.

பார்க்கப் போனது பிரிஸில்கோன் பைன் மரங்களை. மண்ணே இல்லாத கற்குவியலில், முறுக்கிப் பிழிந்த துணி போல நிற்கின்றன. முதலில் பட்டுப்போன மரம் என்றுதான் நினைத்தேன். பட்டை உரிந்து, காற்றும் பனியும் தேய்த்து வழவழவென்று ஆன கட்டை. சுற்றிப் போய்ப் பார்த்தால் பின்பக்கம் கையகலத்துக்கு ஒரு பட்டை, வேரிலிருந்து ஒரே ஒரு கிளை வரை. அந்தக் கிளையில் பச்சை! மற்றதையெல்லாம் சாகவிட்டு அந்த ஒரு வாரை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறது. 3,000 வயதைத் தாண்டிய மரங்கள் அங்கே உண்டு. மெதுவாக வளர்வதால் கட்டை இறுகி, பிசினேறி, பூச்சியும் பூஞ்சையும் எளிதில் தொட முடியாமல் ஆகிவிடுகிறது. வசதியான மண்ணில் வளர்ந்தது இவ்வளவு காலம் தாங்குவதில்லையாம்.

அதே மலையில் 1964இல் ஓர் ஆராய்ச்சி மாணவர் ஒரு மரத்தை வெட்டினார், வனத்துறை அனுமதியோடுதான். வளையங்களை எண்ணினால் 4,800க்கும் மேல்! அதுவரை வயது தெரிந்த மரங்களிலேயே மூத்தது அதுதான் என்பது வெட்டிய பிறகுதான் தெரிந்தது. இடம் தேசியப் பூங்கா ஆனது 1986இல். கோபப்படலாம்தான், ஆனால் நின்றிருந்தபோது அதன் வயது யாருக்கும் தெரியாதே.

ராத்திரி வானத்தைப் பற்றி நேரில் சொல்கிறேன், எழுதினால் அளப்பதாகச் சொல்வாய்.

உனக்கு ஒரு காய்ந்த குச்சியாவது கொண்டுவர ஆசை. அதைக்கூட எடுக்கக் கூடாது. படம் இணைத்திருக்கிறேன். உன் ஊன்றுகோல் என்ன மரம் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்