மாதர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – ஸ்காபரோ, கனடா

தலைவி அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

பொங்கல், கோடைச் சுற்றுலா, வாணி விழா வழமைபோல் நடந்தேறின.

இவ்வாண்டு குடும்ப வன்முறை பற்றித் தகவல் அட்டை வெளியிட்டோம். "வீட்டுச் சங்கதி சங்கத்துக்கு எதுக்கு?" என்று நிர்வாகக் குழுவிலேயே கேட்டதால் விரிவாக எழுதுகிறேன்.

"பொம்பிளைதான் பொறுத்துப் போகவேணும்" என்று அடிபடுகிறவளுக்கு ஊரிலிருந்து தாயே போனில் சொல்கிறார். பிரிந்து வந்தால் தங்கச்சியின் கலியாணம் குழம்பும் என்ற பயம் வேறு. இங்கே, அவளைக் கனடாவுக்கு அழைப்பித்த கணவர், "நான்தான் ஸ்பொன்சர், திருப்பி அனுப்பிப்போடுவன்" என்கிறார். அப்படி வந்தவர் இரண்டு வருடம் கணவரோடு சேர்ந்து வாழவேண்டும் என்ற நிபந்தனை 2012 ஒக்ரோபரில் வந்தது உண்மை. 2017 ஏப்ரலில் நீக்கியாயிற்று. நிரந்தர வதிவிடம் கிடைத்தவர் பிரிந்தால் அது பறிபோகாது. மனைவியின் செலவுக்குக் கணவர் ஏற்ற 3 வருடப் பொறுப்பும் பிரிவோடு தீர்ந்துபோகாது. விண்ணப்பம் முடிவாகாதவர் நிலைதான் சிக்கல். கணவர் அதை மீளப்பெறலாம். இவர்களுக்கென 2019 யூலை முதல், குறைந்தது 6 மாதத்துக்கான தற்காலிக வதிவிட அனுமதி உண்டு. முதல் தடவை கட்டணமில்லை. வேலை அனுமதியும் கேட்கலாம்.

வன்முறைக்குப் பயந்து வாடகை வீட்டை விட்டு விலக, வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 'என்15' அறிவித்தல் படிவமும், அதோடு வன்முறை பற்றிய வாடகைக்காரரின் கூற்றுப் படிவமோ நீதிமன்றக் கட்டளையோ, 28 நாள் முன்னறிவித்தலும் போதும். பொலிஸ் அறிக்கை வேண்டாம். வன்முறைக்கு ஆளானவர் வேலையில் 13 வாரம் முடித்திருந்தால், வருடத்துக்கு 10 நாளும் 15 வாரமும் லீவு, முதல் 5 நாள் சம்பளத்தோடு.

பொலிஸை அழைக்கும் அவசர இலக்கம் 911 பற்றி ஒளிக்காமல் சொல்லவேண்டும். பொலிஸ் வந்து கணவரை "வெருட்டிவிட்டால் காணும்" என்று அழைப்பவர்கள் பலர். ஒன்ராறியோவில் போதிய ஆதாரம் இருந்தால் பொலிஸ் வழக்குப் போட்டே ஆகும். பிறகு மனைவி விரும்பினாலும் மீளப்பெற முடியாது. பிள்ளையையோ மாமியாரையோ மொழிபெயர்க்க விடக்கூடாது. தெரிந்த முகம் வந்துவிடும் என்று பயந்தால், வேறு நகரத்து மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் கேட்கலாம்.

மண்டப மேசையில் வைத்த துண்டுப்பிரசுரத்தை ஒருவரும் தொடவில்லை. நாலு பேர் பார்க்க யார் எடுப்பார்? தலைப்பில்லாமல், பேர்சுக்குள் அடங்கும் அட்டையாக்கிப் பெண்கள் கழிவறையில் வைத்தபின் திரும்பத் திரும்ப அச்சடிக்கவேண்டியதாயிற்று. அதுதான் கேள்வி கேட்டவர்களுக்குப் பதில்.

ஆண்களுக்கான கூட்டத்துக்கு வந்தவர்களைக் கைவிரலில் எண்ணலாம். கேள்வி கேட்ட குழு அங்கத்தவர் வீடுகளிலிருந்தும் எவரும் வரவில்லை.

வரவு செலவு ஏறக்குறையச் சமன். பொருளாளர் விபரம் தருவார். சந்தா நிலுவை அரைவாசிக்கு மேல். விழாச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் பட்டியலையும் சந்தாப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்கும் தைரியம் எனக்கில்லை.

மண்டபம் தந்த கோவில் நிர்வாகத்துக்கும் அச்சகத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு அச்சுச் செலவு கூடும். செயலாளர் பதவிக்கு வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். முன்வராவிட்டால், சந்தாவைக் காசோலையாகவே தாருங்கள்.