கொட்டாஞ்சேனையிலிருந்து மகனுக்கு

அன்பு மகன்,

உன்னை நம்பித் தந்த சீட்டுக் காசை நீ எடுத்துச் செலவழித்த விஷயம் தெரியவந்தபோது அப்பாவும் நானும் கலங்கித்தான் போனோம். ஆனால் அன்றிலிருந்து நீ கோயில் பக்கமே போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. "எந்த முகத்தோடு போவது" என்று தங்கச்சியிடம் கேட்டாயாம். அதற்குத்தான் எழுதுகிறேன்.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசை எடுத்துப் பார். மத்தேயு 27இல் அவன் மனம் வருந்துகிறான், தன் பாவத்தை வாயால் சொல்கிறான், 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுக்கிறான். குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டியதில் பாதிக்கு மேல் அங்கே இருக்கிறது. ஆனால் அவன் போய்ச் சொன்ன இடத்தில் "எங்களுக்கென்ன" என்றார்கள். பிறகு தனியே போனான். இராயப்பர், அதுதான் பேதுரு, மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்தவர். ஆனாலும் யோவான் 21இல் மற்ற ஆறு பேரோடு ஒரே வள்ளத்தில் இருக்கிறார். கரையில் நிற்பவர் ஆண்டவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னபடியால்தான் அவர் தண்ணீரில் குதித்தார். வெள்ளவத்தை அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் உனக்கு அதை யார் சொல்வது?

உன்னை அறிந்த ஃபாதரிடம் சொல்ல வெட்கமாக இருந்தால் வேறு கோயிலுக்குப் போ. யாரிடம் செய்வது என்பது உன் உரிமை. கேட்டதை எந்தக் குருவும் வெளியே சொல்ல முடியாது, சொன்னால் அவரே திருச்சபைக்கு வெளியே. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலென்றால் செவ்வாய்க்கிழமை வேண்டாம், அந்தச் சனத்துக்குள் நிதானமாகச் சொல்ல வராது. வேறொரு நாள் பார். தமிழில் கேட்கும் ஃபாதர் எத்தனை மணிக்கு இருப்பார் என்று முன்னரே விசாரித்துக்கொள்.

செய்த பாவங்களை நினைத்துப் பார்க்கும் ஆத்தும சோதனையை முதல்நாள் இரவே செய்துவிடு. சாவான பாவமென்றால், அதாவது கனமான பாவமென்றால், என்ன பாவம், எத்தனை தரம் என்று சொல்ல வேண்டும். "கையில் கஷ்டம் ஃபாதர்" என்று தொடங்கினால் அது உன் பக்கத்து வழக்கைப் பேசுவதாகிவிடும். "என்னை நம்பித் தந்த சீட்டுக் காசு 360,000 ரூபாவை எடுத்துச் செலவழித்தேன், கேட்டவர்களுக்கு இத்தனை தரம் பொய் சொன்னேன்." இவ்வளவு போதும். காசைச் சொல்லிவிட்டுப் பொய்யை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், நீ விடாதே. அதுவரை ஞாயிறு பூசைக்குப் போ. நன்மை, அதாவது நற்கருணை, எடுக்காமல் பின்வாங்கில் இருந்தாலும் பூசை பூசைதான்.

காசு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். பாவப்பொறுத்தல் கிடைத்தாலும் கடன் அப்படியே நிற்கும். உண்டியலில் போட்டோ, ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தோ அது தீராது. உரியவர் யாரென்று தெரியும்போது அவர் கைக்கே போக வேண்டும். அந்த மாதச் சீட்டு யாருக்கு விழ வேண்டியிருந்ததோ அவரிடம் நேரே போ. மாதம் 20,000 ரூபாவென்றால் 18 மாதம். தொகை, தேதி எல்லாம் கடதாசியில் எழுதி, கையெழுத்து வைத்து, ஒரு பிரதியை அவரிடமே கொடு. உன் காசு வராததால் அவர் வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த வட்டியும் உன் தலையில்தான், கேட்டுச் சேர்த்துக்கொள். 30,000 தருகிறேன் என்று ரோசத்தில் சொல்லிவிடாதே. இரண்டாம் மாதமே முடியாமல் போனால் திரும்பவும் பொய்யில்தான் வந்து நிற்கும். இதை அடைக்க இன்னொரு சீட்டிலும் சேராதே. அப்பாவும் நானும் முதல் தவணைக்குக் கை கொடுப்போம், மிச்சம் உன் உழைப்பில் போகட்டும்.

பாவசங்கீர்த்தனம் முடிந்த மறுநாளும் மனம் குத்தும். அதற்காக அதே பாவத்தைத் திரும்பத் திரும்பப் போய்ச் சொல்லாதே, மன்னித்தது மன்னித்ததுதான். குத்துகிற நேரம் 130ஆம் சங்கீதத்தைச் சொல். எட்டே வசனம், பஸ்ஸில் நின்றுகொண்டும் சொல்லலாம். நீண்ட செபமாலைக்கு இப்போதைக்கு மனம் நிற்காவிட்டால் அதில் பத்து மணிகளை மட்டும் உருட்டினாலும் போதும், ஆனால் ஒரு நாளும் விடாதே.

இந்தச் சனிக்கிழமைக்குள் அந்த மனிதரிடம் போ. போய் வந்ததும் போன் எடு. அவர் ஏசினாலும் பரவாயில்லை, என்ன சொன்னார் என்று அப்படியே சொல்.

அம்மா